பிடுங்கவும் பயம், விட்டுவைக்கவும் பயம்: ஹீமோபிலியா உள்ள மகனின் சொத்தைப் பல்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது, எடை 25 கிலோ. நடை பழகிய வயதில் விழுந்ததில் மேலுதட்டின் உள்பக்கம் கிழிந்து, மூன்று நாள் ரத்தம் விட்டு விட்டு வந்தது. அப்போதுதான் ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா ஏ, அதிலும் கடுமையான வகை என்று கண்டுபிடித்தார்கள். முட்டி வீங்கும்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 ஊசி போட்டு வருகிறார்கள். இப்போது கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது. ராத்திரியில் வலி. போன மாதம் கன்னம் வீங்கி, மாத்திரையில் வற்றியது.

மூன்று பல் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். முதலாமவர் நோயின் பெயரைக் கேட்டதுமே "பெரிய இடத்துக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டாமவர் வலி மாத்திரை கொடுத்து, தாங்கும்வரை தாங்கட்டும் என்றார். மூன்றாமவர் பி.டி., சி.டி. என்ற ரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், நாளைக்குக் காலையில வாங்க, பிடுங்கிடலாம்" என்றிருக்கிறார். தாய்க்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் போகவில்லை.

போகாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் எழுதியபடியே தருகிறேன்: "என் கூடப் பிறந்த அண்ணனுக்குப் பதினேழு வயதில் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். காலையில் பிடுங்கியது, மத்தியானமே ரத்தம் நின்றுவிட்டது. சாயங்காலம் கஞ்சி குடித்தான். மூன்றாம் நாள் ராத்திரி திரும்ப ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு வரவில்லை. இப்படி ஒரு நோய் இருக்கிறது என்றே அப்போது எங்களுக்குத் தெரியாது."

அவர் கேட்பது இவ்வளவும்: இந்தப் பல்லைப் பிடுங்குவதா, வேர் சிகிச்சை செய்வதா? பால் பல்தானே, விழுந்து வேறு முளைக்கும் என்று மாமியார் சொல்வது சரியா? பிரஷ் பட்டால் ரத்தம் வருகிறது என்று ஆறு மாதமாகப் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு உப்பும் விரலுமாகத் தேய்த்து விடுகிறேன், அது போதுமா? நோயைச் சொன்னால்தானே திருப்பி அனுப்புகிறார்கள், சொல்லாமலே வைத்தியம் பார்த்துவிடலாம் என்கிறார் கொழுந்தனார், செய்யலாமா? ஒரு மருத்துவர் இப்படி மறுப்பதற்கு உரிமை உண்டா?

அன்புள்ள அம்மா,

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வலி மாத்திரை. அட்டையில் இருந்த பெயரை எழுதி அனுப்பியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. அதில் பாரசிட்டமாலோடு டைக்ளோஃபினாக்கும் சேர்ந்திருக்கிறது. இன்றே நிறுத்திவிடுங்கள். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தத் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை. உங்கள் மகனுக்கு ரத்தம் உறைவதில் ஒரு கை ஏற்கெனவே இல்லை. இந்த மாத்திரை இருக்கிற மறு கையையும் கட்டிப்போடுகிறது. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் அவன் எடைக்கு உங்கள் மருத்துவர் சொல்லும் அளவில். மருந்துக் கடையில் "பல் வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கவே வேண்டாம், இந்தக் கலவை மாத்திரைகள்தான் கைக்கு வரும். இடுப்பில் போடும் வலி ஊசியும் அவனுக்கு ஆகாது. சதையில் குத்தும் ஊசி உள்ளே ரத்தம் கட்ட வைத்துவிடும்.

இனி, மூன்றாவது மருத்துவரிடம் நீங்கள் மறுநாள் போகாமல் இருந்தீர்களே, அது உங்கள் மகனுக்கு நீங்கள் செய்த பெரிய உபகாரம். அவர் உள்நோக்கத்தோடு சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் நம்பிய பரிசோதனை இந்த நோயைக் காட்டிக்கொடுக்காத பரிசோதனை.

நின்ற ரத்தம் மூன்றாம் நாள் ஏன் வருகிறது

கண்மாய்க் கரை உடைந்தால் முதலில் மணல் மூட்டையை அடுக்குவார்கள். அப்புறம் மண்ணைக் கொட்டி இறுக்க வேண்டும். மூட்டையோடு விட்டுவிட்டால் தண்ணீர் நின்றது போலத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் அரித்துக்கொண்டு வந்துவிடும். உடம்பிலும் அப்படித்தான். காயம் பட்டதும் தட்டணுக்கள் ஓடி வந்து ஓட்டையை அடைக்கின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் பின்னி இறுக்க வேண்டும். ஹீமோபிலியாவில் முதல் வேலை ஒழுங்காக நடந்துவிடும். இரண்டாவது வேலைக்கு ஃபேக்டர் 8 வேண்டும். கடுமையான வகையில் அது இருக்க வேண்டிய அளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

பி.டி. என்கிற ரத்தம் நிற்கும் நேரம், மணல் மூட்டை அடுக்கியதை மட்டும் பார்க்கிறது. அதனால் ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு அது நார்மலாகவே வரும். சி.டி. எனப்படும் உறையும் நேரமோ மிகவும் தோராயமான பழைய பரிசோதனை. நோய் இருந்தும் நார்மல் என்று காட்டிவிடக்கூடும். நம் ஊரில் பல் பிடுங்கும் முன் இந்த இரண்டையும் எடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது, அந்தச் சீட்டு கையில் இருந்தால் எல்லோருக்கும் ஒரு தைரியம். கேட்க வேண்டியது, இழை பின்னும் இரண்டாவது வேலையைப் பார்க்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனையும் ஃபேக்டர் அளவும்தான். உங்கள் மகனுக்கு நோய் ஏற்கெனவே உறுதியானது என்பதால் புதிதாக எந்த 'நார்மல்' ரிப்போர்ட் வந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

இதோடு வாய்க்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கையில் காயம் பட்டால் கட்டுப் போட்டுக் காய விடலாம். வாயோ எப்போதும் ஈரம். எச்சிலில் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் தன்மையும் இருக்கிறது. நாக்கு சும்மா இருக்காது, போய்ப் போய்த் தொடும். இறுக்கமில்லாத உறைகட்டி மெல்லக் கரைந்து மறுபடி கசிய ஆரம்பிக்கும். உங்கள் அண்ணனுக்கு நடந்ததை நான் பார்த்ததில்லை, ஆனாலும் காலையில் நின்று மூன்றாம் நாள் ராத்திரி வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது ஹீமோபிலியாவில் பல் பிடுங்கிய ரத்தப்போக்கு அப்படியே நடந்துகொள்ளும் விதம். அவர் உயிர் போனது பல் பிடுங்கியதால் மட்டும் என்று நீங்கள் இத்தனை வருஷம் நினைத்துவிட்டீர்கள். நோய் தெரியாமல், ஃபேக்டர் இல்லாமல், அடுத்த ஒரு வாரத்துக்கு யாரும் திட்டம் போடாமல் பிடுங்கியதால் போனது. உங்கள் மகனுக்கு இந்த மூன்றும் இன்று கையில் கிடைக்கும்.

உறைகட்டி கரையாமல் காப்பதற்கென்றே ஒரு மருந்து இருக்கிறது. டிரானெக்ஸாமிக் அமிலம் என்று பெயர். 1962இல் ஜப்பானில் உடாகோ ஒகமோடோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. மாத்திரையாகவே கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. மாதவிலக்கில் அதிகம் போகிறவர்களுக்கு எழுதித் தருவார்களே, அதே மாத்திரைதான். ஹீமோபிலியாவில் பல் வைத்தியம் என்றால் ஃபேக்டருக்கு அடுத்தபடி இதைத்தான் நான் நம்புகிறேன்.

அது பால் பல் இல்லை

நீங்கள் குறித்து அனுப்பிய இடத்தைப் பார்த்தால், அது ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். இந்தப் பல் எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடும். ஒன்றும் விழவில்லை என்பதால் அதையும் பால் பல் கணக்கிலேயே வீட்டில் சேர்த்துவிடுவார்கள். சொத்தையாகும் நிரந்தரப் பற்களில் முதலிடம் இதற்குத்தான், இந்தக் குழப்பமும் அதற்கு ஒரு காரணம். உங்கள் மாமியாரைக் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது. ஆனால் இது போனால் திரும்ப முளைக்காது.

சரி, பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

ஹீமோபிலியா உள்ளவருக்குப் பொதுவான வழி, முடிந்தவரை பல்லைக் காப்பாற்றுவது. வேர் சிகிச்சையில் வேலை எல்லாம் பல்லுக்கு உள்ளேயே நடக்கிறது. திறந்த காயம் ஏற்படுவதில்லை. பிடுங்கினால் ஆற வேண்டிய ஒரு குழி மிஞ்சுகிறது, அதை ஒரு வாரம் பத்து நாள் காவல் காக்க வேண்டும். ஒன்பது வயதில் இந்தப் பல்லின் வேர் நுனி முழுதாக மூடியிருக்காமலும் இருக்கலாம். அப்படி இருந்தால் சிகிச்சை முறை கொஞ்சம் மாறும், செய்ய முடியாதது என்று இல்லை. எக்ஸ்ரே ஒன்று இதைச் சொல்லிவிடும்.

ஆனால் பிடிவாதமாக எப்படியும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பல்லின் மேல்பகுதி பெரும்பாலும் உடைந்துபோயிருந்து, சீழ் திரும்பத் திரும்ப வருமானால், பிடுங்குவதுதான் நியாயம். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: எட்டிலிருந்து பத்து வயதுக்குள் இந்தப் பல் போனால், பன்னிரண்டு வயதில் முளைக்க வேண்டிய அடுத்த கடைவாய்ப் பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தை ஓரளவு அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தாமதித்து 13, 14 வயதில் பிடுங்கினால் இடைவெளி அப்படியே நின்றுவிடும். ஆகவே முடிவு எதுவானாலும் அதை இப்போது எடுக்க வேண்டும். வீக்கம் மாத்திரையில் வற்றியது குணமானதாக அர்த்தமில்லை, கிருமி வேரடியில் இருக்கிறது. அடுத்த முறை வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினால் ஃபேக்டரையும் பல்லையும் ஒரே ராத்திரியில், அவசரத்தில் சமாளிக்க வேண்டிவரும். அழற்சி உள்ள ஈறும் சதையும் கூடுதலாகவே ரத்தம் கசியும். சில வாரங்களுக்குள் திட்டம் போட்டுச் செய்துவிடுவதே பாதுகாப்பு.

திட்டம் என்றால் என்ன

உங்கள் மகனுக்குத் தேவையான இருவர் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். நீங்கள் ஃபேக்டர் வாங்கப் போகும் அதே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவும் இருக்கும். ஆனால் ஃபேக்டர் கொடுக்கும் மருத்துவர் பல்லைப் பார்ப்பதில்லை, பல் மருத்துவருக்கு ஃபேக்டர் எவ்வளவு என்று தெரிவதில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கடிதம் போய் வந்தால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

ஃபேக்டர் கொடுக்கும் மருத்துவரிடம் எழுத்தில் இவற்றை வாங்குங்கள்: நோயின் வகை, கடுமை, பையனின் எடை, இன்ஹிபிட்டர் பரிசோதனையின் முடிவும் தேதியும், பல் சிகிச்சைக்கு எத்தனை யூனிட் ஃபேக்டர், எப்போது, டிரானெக்ஸாமிக் அமிலம் எவ்வளவு, ராத்திரியில் ரத்தம் வந்தால் யாரை அழைப்பது. இன்ஹிபிட்டர் என்பது போடுகிற ஃபேக்டரையே அந்நியமாக நினைத்து உடம்பு அழித்துவிடும் நிலை. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும். அது இருந்தால் வழக்கமான ஃபேக்டர் பயன்படாது, வேறு மருந்து வேண்டும். அதனால் சமீபத்தில் அந்தப் பரிசோதனை எடுக்காதிருந்தால் பல்லில் கை வைக்கும் முன் எடுத்தே ஆக வேண்டும். பின்னாளில் எப்போதாவது அவனைத் தோலுக்கு அடியில் போடும் எமிசிசுமாப் மருந்துக்கு மாற்றினால், அதையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்து ஏ.பி.டி.டி. பரிசோதனையை நார்மல் போலக் காட்டிவிடும்.

கணக்கு உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் ஃபேக்டர் 8 போட்டால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். பல் பிடுங்குவதற்குப் பொதுவாக 50 சதவீதம் அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். அப்படியென்றால் 25 கிலோ பையனுக்கு 625 யூனிட் அளவில் வரும். குப்பிகள் 250, 500, 1000 என்று கிடைப்பதால் மருத்துவர் அதற்கேற்ப அளவை முடிவு செய்வார். நீங்களாக எதையும் முடிவு செய்வதற்காக இதை எழுதவில்லை. "நூறு யூனிட் போட்டாச்சு, போங்க" என்று யாராவது சொன்னால், இது போதுமா என்று கேட்கத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

ஃபேக்டர் ஏறியதும் நேரம் ஓட ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் பல் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். ஊசியை ஒரு கட்டடத்தில் போட்டுவிட்டு இன்னொன்றில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றால் விலையுயர்ந்த மருந்து வீணாகிறது. முதல் நாளே நேரம் பேசி வையுங்கள். காலை வேளை, திங்கள் அல்லது செவ்வாய்க் கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பிடுங்கி ஞாயிறு ராத்திரி ரத்தம் வந்தால் அலைய வேண்டியிருக்கும். அதே ஃபேக்டர் வேலை செய்யும் நேரத்துக்குள் வேறு சொத்தைப் பற்கள் இருந்தால் அவற்றையும் அடைத்துவிடச் சொல்லுங்கள்.

பல் மருத்துவரிடம் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். கீழ்த்தாடையைப் பாதியாக மரத்துப்போகச் செய்ய வாயின் பின்கோடியில் ஆழமாக ஓர் ஊசி போடுவார்கள். ஃபேக்டர் இல்லாமல் அந்த ஊசி உங்கள் மகனுக்குப் போடவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டி வீங்கினால் மூச்சுக்குழாய் வரை நெருக்கும். பல்லைப் பிடுங்குவதைவிடச் சில சமயம் இந்த ஊசிதான் ஆபத்து. பல்லைச் சுற்றி ஈறில் மட்டும் போட்டு மரத்துப்போகச் செய்யும் முறைகளும் உள்ளன, முடிந்தால் அதுவே போதும். அனுபவமுள்ள மருத்துவருக்கு இது தெரிந்திருக்கும். தாய் கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கேட்கிறாரே என்று சந்தோஷப்படுவார்.

பிடுங்கும்படி ஆனால், குழிக்குள் தானாகக் கரையும் பஞ்சு வைத்து, கரையும் நூலில் தைப்பார்கள். டிரானெக்ஸாமிக் அமிலத்தை சிகிச்சைக்கு முன்பே தொடங்கி, ஏழு நாள் வரை தருவார்கள். கிலோவுக்கு 25 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை என்பது வழக்கமான அளவு. அதே மருந்தை வாய் கொப்பளிக்கவும் தருவதுண்டு. 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலந்தால் அந்தக் கரைசல் ஆயிற்று. சிறுநீரில் ரத்தம் போயிருந்தால் மட்டும் இந்த மருந்தைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் முதல் நாள் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. தயிர்சாதம், ஆறிய ரசம் சாதம், ஆறின இட்லி கொடுங்கள். சூடான பால், முறுக்கு, சிப்ஸ், கடலை மிட்டாய் எல்லாம் ஒரு வாரத்துக்கு வேண்டாம். ரத்தம் கசிந்தால் ஈரப் பஞ்சைச் சுருட்டிக் கடிக்க வைத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்திருங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அதற்கும் நிற்காவிட்டால் இன்னொரு முறை ஃபேக்டர் தேவை, கிளம்பிவிடுங்கள்.

ராத்திரியில் கவனமாக இருங்கள். குழந்தை தூக்கத்தில் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே இருந்தால் தலையணையில் ஒன்றும் தெரியாது. திடீரென்று வாந்தி, கறுப்பாக மலம், முகம் வெளுப்பு இவை உள்ளே போய்க்கொண்டிருப்பதன் அடையாளம். நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், விழுங்க முடியாமை, குரல் மாறுதல், மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. போனதும் முதலில் ஃபேக்டர், ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகு என்று வற்புறுத்திச் சொல்லுங்கள்.

பிரஷ்ஷை நிறுத்தியது

இதில்தான் உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. பிரஷ் பட்டு ரத்தம் வருவதற்குக் காரணம் ஹீமோபிலியா என்று நினைத்துவிட்டீர்கள். ஆரோக்கியமான ஈறு ஹீமோபிலியா உள்ளவருக்கும் பிரஷ் பட்டு ரத்தம் விடாது. ஈறோரத்தில் அழுக்குப் படிந்து, அது அழற்சியாகி வீங்கியிருப்பதால் கசிகிறது. ஹீமோபிலியா அதை நிற்க விடாமல் நீட்டிக்கிறது, அவ்வளவுதான். பிரஷ்ஷை நிறுத்தினால் அழுக்கு கூடும், ஈறு இன்னும் வீங்கும், இன்னும் கசியும், நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் அக்கறையுள்ள தாய்மார்கள்.

உப்பும் விரலும் பல்லிடுக்குக்குப் போகாது. மிருதுவான, சிறிய தலையுள்ள பிரஷ் வாங்குங்கள். பேஸ்ட் டியூபில் ஃப்ளோரைடு இருக்கிறதா, 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் பேஸ்ட்கள் பலவற்றில் இருக்காது. பட்டாணி அளவு போதும். காலையில் ஒரு முறை, ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை. துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசி எடுக்க வேண்டாம். முதல் வாரம் ரத்தம் வரும். விடாமல் தொடர்ந்தால் இரண்டு வாரத்துக்குள் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். கசிவு தொல்லையாக இருந்தால் அந்த நாட்களுக்கு டிரானெக்ஸாமிக் அமிலக் கொப்பளிப்பு போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காரை கெட்டியாகப் படிந்திருந்தால் கிளீனிங் செய்ய வேண்டும்; ஒரேயடியாகச் செய்யாமல் இரண்டு மூன்று தவணையாகச் செய்வார்கள்.

சொத்தையாகாத மற்ற கடைவாய்ப் பற்களின் குழிகளை அடைக்கும் பூச்சும், ஃப்ளோரைடு வார்னிஷும் ஒரு சொட்டு ரத்தம் வராமல் செய்யக்கூடியவை. இதற்கு ஃபேக்டரும் தேவையில்லை. இவ்வளவு நாள் யாரும் இதை உங்களுக்குச் சொல்லவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஆடுகிற பால் பற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை தானாக விழட்டும். நூல் கட்டி இழுப்பது, கதவில் கட்டுவது எல்லாம் வேண்டாம். விழுந்ததும் ஈரப் பஞ்சைக் கடிக்கச் சொன்னால் பெரும்பாலும் நின்றுவிடும். விழுந்த பல்லைச் சாணியில் வைத்துக் கூரையில் எறிவதை மட்டும் அவனையே செய்யச் சொல்லுங்கள். பல் என்றாலே பயம் என்று வளர்கிற பிள்ளைக்கு அந்த ஒரு சந்தோஷமாவது மிஞ்சட்டும்.

மறைக்கலாமா, மறுக்கலாமா

கொழுந்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் மறைத்துவிட்டுச் சிகிச்சைக்கு உட்காருவது, உங்கள் அண்ணனுக்கு நடந்ததை நாமே ஏற்பாடு செய்வது போல. நோய் தெரியாத மருத்துவர் அந்த ஆழமான ஊசியைப் போடுவார், டைக்ளோஃபினாக் எழுதுவார், "நாளைக்கு ஒன்றும் ஆகாது" என்று அனுப்புவார். எதிலும் அவர் மேல் தவறு சொல்ல முடியாது. மறைக்கவே கூடாது. மாறாக, நோயின் பெயர் எழுதிய அட்டையைப் பையன் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கட்டும்.

திருப்பி அனுப்பிய முதலாமவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் தொழிலின் ஆரம்ப நாட்களில் ஒரு பையனை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை, கேட்க ஆளும் இல்லை. அந்தப் பையனின் அம்மா படி இறங்கிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. வசதி இல்லாத சிறிய கிளினிக்கில் "இங்கே செய்ய முடியாது" என்பது நேர்மையான பதில்தான். ஆனால் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அதை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

அரசு மருத்துவமனையில் நிலைமை வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஹீமோபிலியாவையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. வரிசையில் நிற்கும்போது ஃபேக்டரின் நேரம் ஓடுகிறது என்று சொன்னேனே, அங்கே இந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். மகனுக்கு இன்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். சண்டை போடுவதற்கு முன் கண்காணிப்பாளரைப் போய்ப் பாருங்கள், பல இடங்களில் அதுவே போதுமானது. அங்கும் நடக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் தரலாம்.

உங்கள் ஊரில் பல் பிரிவு தயங்கினால், சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறைக்கு ஹீமோபிலியாவில் நீண்ட அனுபவம் உண்டு. 1983இல் தொடங்கிய ஹீமோபிலியா ஃபெடரேஷனுக்குச் சென்னை உட்படப் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. பக்கத்துக் கிளையில் பேசினால், அந்த வட்டாரத்தில் எந்தப் பல் மருத்துவர் பயப்படாமல் பார்க்கிறார் என்று அங்குள்ள பெற்றோர்களே சொல்லிவிடுவார்கள். போகிற போக்கில் இன்னொன்றையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: முட்டி வீங்கிய பிறகு ஃபேக்டர் போடுவதற்குப் பதில், வீங்காமலிருக்க முன்கூட்டியே முறை வைத்துப் போட முடியுமா என்று. கடுமையான வகைக்கு உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் அதைத்தான் பரிந்துரைக்கிறது. முட்டிக்கும் நல்லது, பல் வேலையையும் அந்த நாளில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பல்

கடிதத்தின் ஐந்தாம் பக்க ஓரத்தில், அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள்: "எனக்கும் ஞானப் பல் வலி. அது கிடக்கட்டும், அடுத்த மாதம் பக்கத்து ஊரில் பிடுங்கிக்கொள்வேன். எனக்கு நோய் இல்லை, கேரியர் மட்டும்தான்." இன்னோரிடத்தில், மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் அதிகமாகப் போகும் என்றும், மகன் பிறந்தபோது ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது என்றும் வருகிறது.

அம்மா, அண்ணனுக்கும் மகனுக்கும் இந்த நோய் இருப்பதால் நீங்கள் கேரியர் என்பது உறுதி. ஆனால் கேரியர் என்றால் நோயைப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற பாத்திரம் மாதிரி, தனக்கு ஒன்றும் ஆகாது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். அது சரியில்லை. கேரியர் பெண்களில் கணிசமானவர்களுக்கு ஃபேக்டர் 8 அளவு குறைவாகவே இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பெண்ணுக்கே ஹீமோபிலியா என்றுதான் இப்போது குறிப்பிடுகிறார்கள். கீழ் ஞானப் பல் என்றால் அதே ஆழமான ஊசி, பெரும்பாலும் ஈறைக் கீறி எடுக்க வேண்டிய பல்.

பக்கத்து ஊரில் வாங்கிய தேதியைத் தள்ளிப்போடுங்கள். மகனுக்கு இன்ஹிபிட்டர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் அன்றைக்கே, அதே ஆய்வகத்தில் உங்கள் ஃபேக்டர் 8 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயது மகளும் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று பேரின் ரிப்போர்ட்டும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் பல்லை எப்படி எடுப்பது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.